பிசைந்த மாவின் வாசனை

குழந்தைகளின் மனதை அமைதிப்படுத்தும் என்று சொல்லி விளையாட்டு மாவைச் சின்னச் சின்ன டப்பாக்களில் விற்கிறார்கள். பெரும்பாலும் ஊதா நிறம், லாவெண்டர் வாசனை. பள்ளி வாசலில் அழும் குழந்தைக்கும், படுக்கப் போகும் நேரத்தில் துள்ளித் திரியும் குழந்தைக்கும், ஊசி என்றாலே நடுங்கும் குழந்தைக்கும் அதுவே போதும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லும் குறிப்புகளும் பல நேரம் 'லாவெண்டர் எண்ணெய் சில சொட்டு' என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மாவைப் பிசைவது குழந்தைக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதில் வாசனை சேர்ப்பதும் நல்லதுதான். அமைதி அந்த எண்ணெய்க் குப்பிக்குள் அடைபட்டிருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வாசனையை முகர்ந்ததும் குழந்தை தணிகிறது என்றால், அந்த வாசனையோடு முன்பு கழிந்த நல்ல நேரம் அதற்குள் திரும்பி வருகிறது. அப்படி ஒரு நேரம் முன்பு இருந்திருக்க வேண்டும். அதை உண்டாக்கும் வேலைதான் முதல் வேலை. வீட்டு அடுப்படியில், பெரியவர் ஒருவர் கூட இருந்து, குழந்தைக்குப் பழகிய வாசனையில் மாவு கிளறுவது அதற்கு மிகப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். எங்கள் தலைமுறை நினைவில் வைத்திருப்பதும், கடந்த சில பத்தாண்டுகளில் வெளிவந்த சில ஆய்வுகளும் என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன.

நினைவிலிருந்தே தொடங்கலாம். பிள்ளையார் சதுர்த்தி அன்று கொழுக்கட்டைக்கு மாவு கிளறி இறக்கியதும், சூடு பொறுக்கும் பதத்துக்கு வந்தவுடன் ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டை பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். அதில் நல்லெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும். சப்பாத்தி தேய்க்கும் மாலைகளில் பலகையின் ஓரத்தில் கோதுமை மாவில் ஒரு துண்டு ஒதுக்கப்படும். அது பாம்பாகும், தேளாகும், கடைசியில் அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிக் காய்ந்து கிடக்கும். பூசை நாளில் மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகும் வேலை பல வீடுகளில் பிள்ளைகளுடையது. மாவிளக்குக்கு இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து பிசைபடும்போது எழும் மணம், நெய்த்திரி எரியும் மணத்தோடு கலந்து, அந்த நாளையே தூக்கிக்கொண்டு வரும். இவற்றில் எதையும் யாரும் மன அமைதிக்கான பயிற்சி என்று கொடுக்கவில்லை. காலைச் சுற்றிவரும் பிள்ளை கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்காரட்டும், அடுப்புப் பக்கம் வராமல் இருக்கட்டும் என்பதே நோக்கம். ஆனாலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கை வேலை செய்தது, வாய் ஓய்ந்தது, பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ சித்தியோ இருந்தார்கள். அந்த மூன்றும் ஒரு வாசனைக்குள் சேர்ந்து பதிந்தன. நாற்பது, ஐம்பது வயதில் கொழுக்கட்டை வேகும் மணம் மூக்கில் ஏறும்போது நெஞ்சு ஏன் இளகுகிறது என்பதற்கு அரிசியின் வேதியியலில் விடை கிடைக்காது.

மூக்குக்கும் நினைவுக்கும் உள்ள நெருக்கத்துக்கு உடற்கூறிலேயே காரணம் இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியைக் கடந்துதான் புறணிக்குப் போகின்றன. முகர்வு அந்த வழியாகப் போக வேண்டியதில்லை. மூக்கின் மேற்புறத்திலிருந்து முகர்வுக் குமிழுக்கும், அங்கிருந்து அச்சத்தையும் பற்றையும் கையாளும் அமிக்டலாவுக்கும், நினைவைப் பதிக்கும் பகுதிகளுக்கும் நேரே போய்ச் சேர்கிறது. முகர்வின் அடிப்படையை விளக்கிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எந்த வாசனை இனிது, எது கசப்பு என்பதைப் பெரும்பாலும் வாழ்க்கைதான் முடிவு செய்கிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பிறந்த குழந்தையிடமே காட்டியது. கர்ப்பத்தின் கடைசி நாட்களில் சோம்பைப் போன்ற மணமுள்ள அனிஸ் சேர்ந்த தின்பண்டங்களைச் சாப்பிட்ட தாய்மாரின் சிசுக்கள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் தலையைத் திருப்பின. சாப்பிடாத தாய்மாரின் சிசுக்கள் கண்டுகொள்ளவில்லை, அல்லது முகம் சுளித்தன. வெளிச்சத்தையே இன்னும் சரியாகப் பார்க்காத பிள்ளை வாசனையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. வின்டர்கிரீன் எண்ணெயின் மணம் அமெரிக்கர்களுக்கு மிகவும் பிடித்தமானது, அங்கே அது மிட்டாயிலும் சூயிங்கத்திலும் வருவது. பிரிட்டனில் 1960களில் கேட்டபோது பலருக்கு அது பிடிக்கவில்லை, அங்கே அது வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை. இரண்டு ஊரிலும் மூக்கில் ஏறியது மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள். அதே பொருள்தான் நம் வீட்டுத் தலைவலித் தைலத்திலும் இருக்கிறது. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிப் பின்பு சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ்காரர்களின் கணக்குப்படி அந்த மஞ்சள் டப்பாவின் வாடை நமக்கு நோயை நினைவூட்டி வெறுப்பைத்தான் தர வேண்டும். தமிழ் வீடுகளில் வளர்ந்த பலருக்கு அது ஆறுதலின் வாசனை. நோயோடு சேர்ந்து அங்கே ஒரு கையும் இருந்தது. நெற்றிப் பொட்டில் தேய்த்துவிட்ட விரல், போர்த்திவிட்ட போர்வை, அன்று மட்டும் பள்ளிக்குப் போக வேண்டாம் என்ற சலுகை. தைலம் தேய்த்த கைதான் அந்த மணத்துக்கு அர்த்தம் கொடுத்தது. விளையாட்டு மாவுக்கு எந்த வாசனை சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. வாசனைக்குப் பழக்கத்தைச் சாராத சக்தியும் இருக்கிறது என்பார்கள். லாவெண்டரின் மணத்துக்குக் காரணமான லினலூல் என்ற பொருளை முகரச் செய்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்ததாக ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. முகரும் திறன் இழந்த எலிகளிடம் அந்த விளைவு தெரியவில்லை. ஆகவே மருந்துபோல் ரத்தத்தில் கலந்து அது வேலை செய்யவில்லை, மூக்கு வழியாகத்தான் செய்தது. லாவெண்டரோடு எந்த நினைவும் இல்லாத எலிக்கே பலன் என்றால் குழந்தைக்கு ஏன் இருக்கக் கூடாது என்பது நியாயமான கேள்வி. இருக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எலி அங்கே வாசனை சூழ்ந்த ஓர் அடைப்புக்குள் இருந்தது. பிசைந்த மாவிலிருந்து மெல்ல எழும் மணம் அந்த அளவுக்கு வருவதில்லை. குழந்தைகளிடமே நடந்த ஆய்வையும் பார்க்கலாம். ஈரானின் இஸ்ஃபஹானில் 6 முதல் 9 வயது வரையான 30 குழந்தைகளுக்குப் பல் சிகிச்சையின்போது ஆரஞ்சு எண்ணெயின் மணத்தைப் பரவவிட்டார்கள். எச்சிலில் கார்ட்டிசால் அளவும் நாடித்துடிப்பும் குறைந்தன என்று 2013இல் எழுதினார்கள். அங்கே பலன் தந்தது லாவெண்டர் அல்ல, எந்தக் குழந்தைக்கும் தெரிந்த பழத்தின் மணம். வாசனைக்குத் தனக்கென்று சிறு சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தெரிந்த மணத்தைத் தேர்ந்தெடுப்பதால் அந்தச் சக்தி குறையப் போவதில்லை. நினைவின் பலமும் கூடச் சேரும். ஊட்டியில் தோட்டம் போட்டவர்களைத் தவிர நம்மில் எத்தனை பேர் வீட்டில் லாவெண்டர் பூத்திருக்கிறது? தமிழ்க் குழந்தைக்கு அது பெரும்பாலும் கழிவறைத் திரவத்தின் வாசனை, இல்லாவிட்டால் அலமாரி உருண்டையின் வாசனை.

வாசனையை விட்டுவிட்டுக் கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அமைதியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப் படங்களுக்கான காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் எச்சிலில் கார்ட்டிசால் குறைந்தது. கலையில் முன்பின் பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள், குழந்தைக்கு இதை அப்படியே பொருத்துவது எப்படி என்று கேட்கலாம். அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் பிசைதலில் என்ன நடக்கிறது என்று ஒரு குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு எண்கள் அதிகம் தேவைப்படாது. முதலில் உள்ளங்கை முழுவதும் அழுந்துகிறது, மாவு விரலிடுக்கில் பிதுங்குகிறது. பிறகு வேகம் குறைகிறது. கட்டைவிரலால் குழி போடுகிறது, குழியை மூடுகிறது, மறுபடி போடுகிறது. தோற்றுப்போகும் பயம் இங்கே இல்லை. படம் வரைந்தால் கோடு தப்பிவிடும், கட்டைகளை அடுக்கினால் சரிந்துவிடும். மாவில் எது தப்பினாலும் உருட்டிவிட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். அதனால்தான் நாள் முழுக்கச் சரி, தப்பு என்று கேட்டே களைத்துப்போன பிள்ளை அதன் முன்னால் மட்டும் தளர்ந்து உட்காருகிறது. இதில் பெரியவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, கேள்வி கேட்காமல் இருப்பது. 'இது என்னடா செல்லம், யானையா?' என்று ஆசையாகத்தான் கேட்கிறோம், ஆனால் கேட்டவுடன் அது பரீட்சையாகிவிடுகிறது.

கடையில் இதே மாவு கிடைக்கும்போது அடுப்பேற்றி ஏன் வேர்க்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வரும். கடை மாவின் கதையே இதற்குப் பாதி பதில் சொல்லும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் குட்டோல் என்ற சோப்புக் கம்பெனி 1930களில் ஒரு மாவுப் பொருளை விற்றது. நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த வீடுகளில் சுவர்க் காகிதத்தில் படியும் கரியை ஒற்றி எடுப்பதற்கானது அது. உலகப் போருக்குப் பின் எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் காகிதம் வந்தது, அந்தப் பொருளைக் கேட்பாரில்லை. அப்போது அந்தக் குடும்பத்து உறவினரான கே சுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை, அதைத் தம் பிள்ளைகளிடம் கொடுத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்ய வைத்தார். பிள்ளைகள் விடவில்லை. 1956இல் அதுவே பிளே-டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. பெயரைச் சொன்னதும் அவர்தான். தண்ணீர், உப்பு, கோதுமை மாவு, இவைதான் அதன் அடிப்படை. இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் 1897இல் உருவாக்கிய பிளாஸ்டிசின் வேறு வகை, அது காயவே காயாது. பிளே-டோவை இன்று விற்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2018இல் அதன் வாசனையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. லேசான கஸ்தூரித்தன்மை உள்ள வனிலா, கொஞ்சம் செர்ரி, உப்பிட்ட கோதுமை மாவு என்று அந்த மணத்தை எழுத்தில் விவரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த டப்பாவைத் திறந்த அமெரிக்கர்களுக்கு அந்த மணத்தோடு தங்கள் பிள்ளைப்பருவமே திரும்பி வருகிறது, அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. கடை மாவை நான் குறைசொல்ல மாட்டேன், அது பாதுகாப்பானது, நிறம் நன்றாக நிற்கும். ஆனால் அதன் வாசனை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். உங்கள் வீட்டு அடுப்படிக்கு அதில் இடமில்லை. மாவு உருவாகும் அரைமணி நேரத்தைக் குழந்தை பார்க்கவே முடியாமல் போகிறது என்பதுதான் இதைவிடப் பெரிய இழப்பு.

அந்த அரைமணி நேரத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். ஒரு கப் மைதாவுக்கு அரை கப் பொடி உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். மேல்நாட்டுக் குறிப்புகளில் கிரீம் ஆஃப் டார்ட்டர் இரண்டு டீஸ்பூன் என்றிருக்கும். ஒயின் பீப்பாய்களில் படியும் அந்த அமிலப் பொடி நம் மளிகைக்கடையில் கிடைக்காது. தேவையும் இல்லை, ஒரு மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மாவு வழவழப்பாக இழுபடும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து அடி கனத்த வாணலியில் ஊற்றிச் சிறுதீயில் கிளற வேண்டும். முதலில் தோசை மாவுபோல் சளசளவென்று இருக்கும். சூடு ஏற ஏற மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கும். ஓரத்தில் தோல் தோலாகக் கட்டிப்பட்டு, எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும் ஒரு கட்டம் வரும். விடாமல் கிளறினால் திடீரென்று வாணலியை விட்டு ஒட்டாமல் திரண்டு கரண்டியைச் சுற்றி வந்துவிடும். கொழுக்கட்டை மாவு கிளறத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பும் எண்ணெயும் சேர்த்து நெருப்பில் கிளறுகிற அதே கைவேலைதான் இதுவும். இறக்கி ஈரத்துணியால் மூடி, சூடு தணிந்ததும் கையில் எண்ணெய் தொட்டுப் பிசைய வேண்டும். குழந்தை கைவைக்கும் நேரம் அதுதான். வெதுவெதுப்பான மாவு உள்ளங்கையில் உட்காரும் சுகத்துக்கு டப்பாவிலிருந்து எடுத்த மாவு ஈடாகாது. அந்த வெதுவெதுப்பு இறங்குவதற்குள் குழந்தை பாதி அமைதியாகிவிட்டிருக்கும்.

வாசனையை எப்போது சேர்ப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கொதிக்கும்போது சேர்த்தால் ஆவியோடு போய்விடும். இறக்கிய பிறகு, பிசையும் நேரத்தில் சேர்க்க வேண்டும், அதையும் குழந்தையே தூவட்டும். ஏலக்காய், எலுமிச்சைத் தோல் போன்றவற்றின் மணம் இலகுவானது. ஓரிரு நாளில் மெலிந்துவிடும், மறுபடி தூவிப் பிசைய வேண்டியிருக்கும். வெட்டிவேரின் மணம் கனமானது, மெதுவாகத்தான் எழும், ஆனால் விடாமல் நிற்கும். வெட்டிவேரை இரவே தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரிலேயே மாவைக் கரைத்தால் மண்பானைத் தண்ணீரின் வாசம் லேசாக மாவுக்கு வரும். ஓமம், சுக்குப்பொடி, பன்னீர், மரிக்கொழுந்து ஊறிய தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு எது பழக்கமோ அதுவே நல்ல தேர்வு. நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டால் எலுமிச்சையின் புளிப்பில் பளிச்சென்ற மஞ்சளாக நிற்கும். அதிலிருந்து ஒரு துளி எடுத்துச் சுண்ணாம்பு தொட்டுக் காட்டினால் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வரும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது ஒரு நாள் முழுவதற்குமான ஆச்சரியம். சுண்ணாம்பு பெரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டும், சிவந்த அந்தத் துளி மாவில் சேரக் கூடாது.

சேர்க்கக் கூடாத சிலவற்றை அழுத்தியே சொல்கிறேன், இயற்கையானது என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருப்பதால். கற்பூரத்தின் மணம் கோயிலை நினைவூட்டும், மனதுக்கு இதமானது, ஆனால் சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். பச்சைக் கற்பூரமும் அப்படியே. யூகலிப்டஸ் தைலமும் உள்ளே போனால் அதே ஆபத்து. பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் தோலை எரிக்கும். லாவெண்டர் எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் தொடர்ந்து தோலில் பூசப்பட்ட மூன்று சிறுவர்களுக்கு மார்பு வளர்ச்சி கண்டதாக 2007இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. பின்னர் பலர் அதை மறுத்திருக்கிறார்கள், நானும் அதை வைத்துப் பயமுறுத்த விரும்பவில்லை. என்றாலும் செறிவான எண்ணெயைவிட அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பொடியும், ஊறவைத்த தண்ணீரும் மேல் என்பேன். மாவைக் கட்டாயம் வேகவைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் 2016இல் மைதா வழியாக ஈ.கோலை கிருமி பரவியபோது, உணவகத்தில் விளையாடக் கொடுத்த பச்சை மாவைக் கையில் வைத்திருந்த குழந்தைகளும் நோய்வாய்ப்பட்டவர்களில் இருந்தார்கள். மாவு என்பது வறுக்காத, வேகாத தானியம்தான், கிருமி அதில் உயிரோடு இருக்கக்கூடும். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அரிசி மாவில் செய்யலாம். அது இழுபடாது, கொஞ்சம் உதிரும், ஆனால் உருட்டவும் குழிபோடவும் தாராளம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், அத்தனை உப்பும் நாய்க்கு உயிராபத்து. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு வேர்க்கும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், பூஞ்சை தட்டினால் அதே நிமிடம் தூக்கியெறிய வேண்டும்.

சோற்றுக்கு ஆகும் தானியத்தை விளையாட்டுக்குக் கொடுப்பதா என்று கேட்பவர்களை நான் பழமைவாதிகள் என்று ஒதுக்க மாட்டேன். கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரேஷன் அரிசியை அளந்து வடிக்கும் வீட்டில் மைதாவைப் பிசைந்து எறிவது மனதுக்கு ஒப்பாது. அந்த வீட்டுக்கு ஏரிக்கரைக் களிமண் இருக்கிறது. கல் பொறுக்கி, சலித்து, வெட்டிவேர்த் தண்ணீரில் குழைத்தால் அதைவிட நல்ல விளையாட்டு மாவு கிடையாது, மழை பட்ட மண்வாசனையும் அதற்கு இலவசமாகவே இருக்கிறது. பண்ருட்டியிலும் மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரிந்த சுகம். அது முடியாத நகரத்து மாடிவீட்டில் வண்டு விழுந்து கிடக்கும் பழைய மாவைச் சலித்துப் பயன்படுத்தலாம். ஒரு கப் மாவு சில வாரங்கள் வரும். கோயிலுக்கு மாவிளக்கு போடும் சமூகம் மாவை வயிற்றுக்கு மட்டும் என்று ஒருபோதும் வைத்துக்கொண்டதில்லை என்பதையும் இங்கே நினைக்கலாம்.

நேரம்தான் கடினமான தடை. ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து, குக்கர் வைத்து, வீட்டுப்பாடம் பார்க்கும் தாயிடமோ தந்தையிடமோ 'மாவு கிளறுங்கள்' என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. கைப்பேசியைக் கொடுத்தால் அந்த நிமிடமே பிள்ளை அடங்கிவிடுகிறது, அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் கைப்பேசியில் அடங்கும் பிள்ளை அதைப் பிடுங்கும்போது இரட்டிப்பாக அழுகிறது. மாவை மூடிவைக்கும்போது அப்படி நடப்பது குறைவு. தினமும் கிளற வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மற்ற நாட்களில் சமையல் மேடைக்குக் கீழே ஒரு தட்டில் அந்த உருண்டை இருந்தால், பெரியவர் வெங்காயம் நறுக்கும் நேரம் பிள்ளை தன் வேலையைப் பார்க்கும். இரண்டு பேரும் ஒரே வாசனைக்குள் இருப்பார்கள்.

எப்போது கொடுப்பது என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன், பலரும் தவறவிடுவது இதைத்தான். குழந்தை கத்தி அழும்போதுதான் மாவை நினைக்கிறோம். ஊசி போடும் அறையில்தான் முதன்முதலாக நீட்டுகிறோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஐலீன் பெர்ன்ஸ்டீன் 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்துக்கு எதிரான எச்சரிக்கை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் முன் குழந்தைகளுக்கு ஒரு புதுச்சுவை ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். மருந்தால் குமட்டல் வந்தது. பின்பு கேட்டபோது அவர்களில் பெரும்பாலானோர் அந்த ஐஸ்கிரீமைத் தேர்ந்தெடுக்கவில்லை. குமட்டல் மருந்தால் வந்தது என்று தெரிந்தாலும் உடம்பு பழியை ஐஸ்கிரீம் மேல் போட்டுவிட்டது. புதிய வாசனை ஒன்றைத் துன்பமான நேரத்தில் அறிமுகம் செய்தால் அது துன்பத்தின் வாசனையாகிவிடும், அதன் டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும். ஆகவே மாவை நல்ல நாளில், வயிறு நிறைந்த பிள்ளைக்கு, அவசரமில்லாத மாலையில் பழக்க வேண்டும். ஒரே வாசனையில், பல முறை. அது வேரூன்றிய பிறகு மருத்துவமனைக்கோ புதுப் பள்ளிக்கோ பையில் ஒரு சிறு உருண்டை கூட வரலாம். அங்கேயும் அந்தப் பிள்ளைக்கென்று தனி உருண்டையாகவே இருக்கட்டும், நோயுற்ற குழந்தைகளிடையே மாவைக் கைமாற்றக் கூடாது.

எல்லாக் குழந்தைக்கும் வாசனை ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு நமக்குத் தெரியாத அளவு மணமே தலையைப் பிளக்கும், பிசுபிசுப்பு விரலில் ஒட்டினால் தாங்காது. வேறு பிள்ளைகளிலும் இப்படி உண்டு. அவர்களிடம் 'தொட்டுப் பார், நல்லா இருக்கும்' என்று கையைப் பிடித்து அழுத்துவது அமைதிக்காகச் செய்வதைக் கொண்டே அமைதியைக் கெடுப்பது. மாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பைக்கு மேலாகவே அமுக்கக் கொடுக்கலாம். கரண்டியால் குத்தட்டும். அதுவும் வேண்டாம் என்றால் பக்கத்தில் இருந்து நாம் பிசைவதைப் பார்க்கட்டும். வாசனை எதுவும் சேர்க்காத மாவிலேயே தொடங்கி, பிள்ளை தானாக அஞ்சறைப்பெட்டியை இழுத்து ஏதாவது ஒன்றை எடுத்து நீட்டும்வரை காத்திருக்கலாம். அது சீரகமாக இருந்தாலும் சரி, பெருங்காயமாக இருந்தாலும் சரி, அதையே போட்டுப் பிசைய வேண்டும்.